மின்னலும் தெருப் பிள்ளைகளும்



காலாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டாயிற்று. தெருவெல்லாம் பிள்ளைகள் சத்தம். போன வாரம் பழைய மாணவர் ஒருவர் கோவையிலிருந்து ஃபோன் செய்தார். "டீச்சர், வீட்டுல ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறோம். எட்டு மாசம் ஆகுது. பிள்ளைங்க வெளியே விளையாட இறங்கினா போதும், மேல விழுந்து பிராண்டுது. அடிச்சும் பாத்தாச்சு, கட்டியும் பாத்தாச்சு. உங்க வீட்டு மின்னலை எப்படி வழிக்குக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டார். ஃபோனில் சொல்லி முடியவில்லை. உங்களில் இன்னும் சிலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள் நீங்கள், பத்து நிமிடம் உட்கார மாட்டீர்களா என்ன!

மின்னலைத் தெரியாதவர்களுக்காக: அவன் என் தம்பி வீட்டு நாய். கோவில்பட்டியில் தம்பி வீடும் என் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. தம்பி மனைவி போனபிறகு அவன் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை என்பது உறவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். தை மாதம் அவன் மகன் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனான். அப்போது அதற்கு மூன்று மாதம். அதற்குப் பிறகுதான் தம்பி காலையில் நேரத்துக்கு எழுந்தான், கடைக்குப் போனான், வாசலில் நின்று நாலு பேரிடம் பேசினான். அந்தக் குட்டி அந்த வீட்டுக்கு என்ன செய்தது என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்று நம் பக்கத்தில் வளர்த்த இனம். மோப்பத்தைவிடக் கண்ணைத்தான் அதிகம் நம்பும். தூரத்தில் ஒன்று அசைந்தால் கண்டுபிடிக்கும். அது ஓடினால் துரத்தும். தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாய்க்கு எட்டு மாதம் ஆகும்போது உடம்பு முழு நாய், புத்தி குட்டி. ஒன்பதாம் வகுப்புப் பையன்களைப் பார்த்தவள் நான், எனக்கு அது புரியும்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், பக்கத்துக் காலி மனையில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பால்காரர் கேட்டைத் திறந்த நேரம் மின்னல் வெளியே பாய்ந்துவிட்டது. எதிர்வீட்டுச் சின்னவள், இரண்டாம் வகுப்பு, பயந்து கத்திக்கொண்டே ஓடினாள். அவள் ஓட ஓட அது துரத்தியது. முதுகில் கால் வைத்துத் தள்ளிவிட்டது. கடிக்கவில்லை. ஆனால் நகம் பட்டு முழங்கைக்குக் கீழே கீறி ரத்தம் கசிந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினேன். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் யாரையும் வைக்க விடவில்லை. மின்னலுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தது. இருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஊசி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நாமும் பக்கத்து வீட்டுக்காரர்களும் முடிவு செய்யக் கூடாது. அவர் சொன்ன நாட்களில் ஒரு ஊசிகூட விடாமல் போட்டு முடித்தோம்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் என் பாடம். 1885 ஜூலை 6-ஆம் தேதி, வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் தன் தடுப்பு மருந்தைப் போடச் செய்தார். பையன் பிழைத்தான். என்னிடம் படித்தவர்களுக்கு இந்தக் கதை நினைவிருக்கும். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஐத்தான் உலக வெறிநோய் நாளாக வைத்திருக்கிறார்கள். நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் இன்றைக்கும் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்பு போடும் ஊசியோ உயிரைக் காக்கிறது, அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கிறது. பிராண்டல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, காயம் ஆறியது. தெரு ஆறவில்லை. அந்த வாரமே நாலைந்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். "டீச்சர், நாங்க சின்னப் புள்ளைகள வச்சிருக்கோம். நாளைக்கி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" அவர்கள் கேட்டது நியாயம். அந்தச் சின்னவளோ தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தம்பி ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, "அக்கா, தோட்டத்துக்காரர் ஒருத்தர் கேக்காரு. குடுத்துரலாம்னு இருக்கேன்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆடி முடியும்வரை பொறுங்கள் என்று தெருக்காரர்களிடம் கேட்டுக்கொண்டேன். அதுவரை மின்னல் கயிறு இல்லாமல் கேட்டைத் தாண்டாது என்று வாக்குக் கொடுத்தேன். நாய்கள் பற்றி நன்றாகத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடமும் போய்க் கேட்டேன். அவர் சொன்னதையும் வகுப்பறையில் கற்றதையும் சேர்த்துத்தான் அடுத்த ஆறு வாரத்தை ஓட்டினோம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இது குறும்பும் அல்ல, கெட்ட புத்தியும் அல்ல. பிள்ளைகள் ஓடுகிறார்கள், கீச்சென்று கத்துகிறார்கள், கையை வீசுகிறார்கள். நாய்க்கு அது விளையாட வா என்ற அழைப்பு. மேலே விழுந்ததும் பிள்ளை இன்னும் கத்துகிறது, கையை உதறுகிறது. பெரியவர்கள் ஓடி வந்து சத்தம் போடுகிறார்கள். மொத்தக் கூட்டமும் தன்னைக் கவனிக்கிறது. இதைவிட நல்ல பரிசு அதற்கு வேறென்ன வேண்டும்? கடைசி பெஞ்சில் இருந்து சத்தம் போடும் பையனை ஆசிரியர் தினமும் பெயர் சொல்லித் திட்டினால் அவன் அடங்குவதில்லை, வளர்கிறான். இதுவும் அதே கணக்கு.

அடிப்பதால் என்ன ஆகும்? பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழுந்தால், "பிள்ளைகள் வந்தால் வலிக்கும்" என்று நாய் படித்துக்கொள்ளும். உணவு கொண்டுவருபவரின் காலடிச் சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறுவதை ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கவனித்தார் என்று படித்தோமே, அதேபோல்தான். சோற்றோடு ஒரு சத்தம் சேர்ந்துகொள்கிறது. வலியோடு ஒரு பிள்ளையின் முகமும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கு உற்சாகத்தில் தாவுகிற நாய் நாளைக்குப் பயத்தில் கடிக்கலாம். உறுமுவதற்கும் அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியைப் பிடுங்கிவிட்டால் மணி அடிக்காமல் வண்டி வரும்.

கட்டிப் போடுவது பாதுகாப்புக்குச் சரி, பாடத்துக்குச் சரியல்ல. விளையாட்டு கண் முன்னே நடக்க, போக முடியாமல் சங்கிலியை இழுத்து இழுத்து நின்ற நாய் அவிழ்த்துவிட்டதும் இரண்டு மடங்கு பாயும்.

ஆகவே நாங்கள் செய்தவை இவை.

காலையில் தம்பி மின்னலைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மெதுவாக நடந்தான். வேகநடை அல்ல. அது எங்கே நின்று முகர்ந்தாலும் நின்றான். பந்து எறிந்து எறிந்து ஓடவிட்டால் களைத்துப்போய் அடங்கிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஓட்டமும் வேண்டும், ஆனால் அது மட்டுமே என்றால் நாய் இன்னும் முறுக்கேறும். முகர்ந்து தேடும் வேலைதான் அதன் மனதைத் தணிக்கும். சோற்றைத் தட்டில் வைக்காமல், வேகவைத்த கறித்துண்டுகளைக் கொல்லைப்புறத்தில் அங்கங்கே போட்டுத் தேடவிட்டோம். கால் மணி நேரம் மூக்கைத் தரையில் வைத்துத் தேடியபின் தானே போய்ப் படுத்துக்கொள்ளும்.

அடுத்தது தூக்கம். இளம் நாய்க்குப் பகலிலும் நிறையத் தூக்கம் வேண்டும். தூக்கம் போதாத கைக்குழந்தை இரவு எட்டு மணிக்குக் காரணமில்லாமல் ஆட்டம் போடுமே, அதேபோல்தான் சாயங்காலம் மின்னல் கண்மண் தெரியாமல் சுற்றி ஓடியது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பின்கட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் படுக்க வைத்தோம். இந்த ஒன்றிலேயே சாயங்காலத்தின் பாதிக் கொந்தளிப்பு குறைந்தது.

மூன்றாவது, சாக்கு. பழைய சாக்கு ஒன்றை நான்காக மடித்து, அதுதான் உன் இடம் என்று பழக்கினோம். முதலில் வீட்டுக்குள். சாக்கில் கால் வைத்தால் ஒரு துண்டு. உட்கார்ந்தால் ஒரு துண்டு. படுத்தால் இரண்டு. துண்டு என்றால் கொண்டைக்கடலை அளவு கோழி ஈரல், அவ்வளவுதான். அதட்டவில்லை, அமுக்கவில்லை. உட்கார்ந்த உடனே கொடுக்க வேண்டும். பத்து விநாடி தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. தாவினால் நாங்கள் திரும்பி நின்றுகொண்டோம், பேசவில்லை, பார்க்கவில்லை. முதல் இரண்டு நாள் முன்பைவிட அதிகமாகத் தாவியது. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். இதுவரை பலித்த வித்தை பலிக்காதபோது இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது நாய்க்கும் இயல்பு, மனிதருக்கும் இயல்பு. பொறுத்தால் அடங்கும்.

பிறகு அதே சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனோம். காலி மனையின் ஒரு மூலையில் பிள்ளைகள், எதிர் மூலையில் வேப்பமரத்தடியில் சாக்கு. நடுவில் அறுபது அடி இருக்கும். அந்தத் தூரத்தில் மின்னலால் பிள்ளைகளைப் பார்க்கவும் முடிந்தது, பெயர் சொன்னால் திரும்பவும் முடிந்தது. அதுதான் சரியான தூரம். கொடுக்கும் ஈரலைக்கூட வாங்காமல் பிள்ளைகளையே முறைத்துக்கொண்டு நின்றால், ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று அர்த்தம். சத்தமில்லாமல் பத்தடி பின்னால் போக வேண்டும்.

தூரத்தைப் போலவே விளையாட்டையும் படிப்படியாக வைத்தோம். கோலியும் பல்லாங்குழியும் ஒன்றாம் வகுப்பு, யாரும் ஓடுவதில்லை. பாண்டி இரண்டாம் வகுப்பு, நொண்டி அடிப்பார்கள். பச்சைக்குதிரை மூன்றாம் வகுப்பு. கிரிக்கெட் நான்காவது, பந்து உருளும், ஆள் ஓடும், அவுட்டென்று கூச்சல் வரும். ஓடிப்பிடித்து ஐந்தாம் வகுப்பு. ஒரு வகுப்பில் பாஸ் ஆகாமல் அடுத்த வகுப்புக்கு அனுப்பவில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதிகம் போனால் பதினைந்து. நன்றாக இருக்கும்போதே முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

இது பாதி வேலைதான். மீதி வேலை பிள்ளைகளிடம் இருந்தது. நாயை மட்டும் திருத்தினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: அந்தத் தெருவில் நாய் ஒன்று, பிள்ளைகள் பதினொரு பேர். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் திண்ணையில் உட்கார வைத்து இரண்டு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்று மரம். நாய் ஓடி வந்தால் ஓடாதே, கத்தாதே. கையைக் கட்டிக்கொண்டு, உன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நில். மரத்தோடு விளையாடுவதில் நாய்க்குச் சுவாரசியம் இல்லை, போய்விடும். இன்னொன்று கல். கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடித்து, குப்புறச் சுருண்டு, இரண்டு கையாலும் கழுத்தையும் காதையும் மூடிக்கொண்டு கல் மாதிரி கிட. நான் "மரம்!" என்றதும் பதினொரு பேரும் அப்படியே நிற்பார்கள். இரண்டே நாளில் தெருவில் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது.

வேறு சிலவும் சொன்னேன். சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது. வாலை ஆட்டுவதாலேயே சந்தோஷமாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. உடம்பு விறைத்து வால் மட்டும் ஆடினால் விலகிவிடு. பசியில்லாமலே உதட்டை நக்கினால், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், "என்னை விடு" என்று சொல்கிறது. சாக்லேட், திராட்சை, வெங்காயம் எதையும் ஆசையாய்க் கொடுக்காதே, அவை நாய்க்கு விஷம்.

எதிர்வீட்டுச் சின்னவளை யாரும் வற்புறுத்தவில்லை. பயந்த பிள்ளையிடம் "ஒண்ணும் செய்யாது, தொட்டுப் பார்" என்று சொல்வது, அதன் பயத்தைப் பொய் என்று சொல்வது போல. ஜன்னலில் நின்றபடியே அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு நோட்டும் பென்சிலும். மின்னல் சாக்கில் அசையாமல் உட்காரும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு டிக். மேலே தேதி. "நீதான் மார்க் போடுற டீச்சர்" என்றேன். முதல் நாள் நான்கு டிக். பன்னிரண்டாம் நாள் பத்தொன்பது. பதினெட்டாம் நாள் ஜன்னலில் இருந்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி வாசல்படிக்கு வந்து உட்கார்ந்தாள். ஆடி மூன்றாம் வாரம் படியிலிருந்து இறங்கி, தோழியோடு பாண்டி ஆட ஆரம்பித்தாள். நோட்டு இடுப்பில் செருகியிருந்தது.

ஆடியும் முடிந்தது. தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தம்பி கயிற்றைக் கையில் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றான். பந்து சாக்கு ஓரமாக உருண்டு போனது. மின்னல் காதை விறைத்தது, எழப் பார்த்தது, தம்பி முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. எதிர்வீட்டு அம்மாதான் முதலில் பேசினார். "சரி டீச்சர், இருக்கட்டும். கயிறு மட்டும் இருக்கட்டும்." அந்த நிபந்தனை சரியானது. இன்றைக்கும் கயிறு இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்பில் மின்னல் இன்னும் ஃபெயில்தான். ஓடிப்பிடித்து ஆரம்பித்தால் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடுகிறோம். வேட்டை நாயின் ரத்தத்தில் இருப்பதை ஆறு வாரத்தில் அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டாம். எதை அதால் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று தெரிந்து நடத்துவதுதான் வளர்ப்பவரின் வேலை. சின்னவளும் இன்னும் மின்னலைத் தொட்டதில்லை. தொடச் சொல்லி யாரும் கேட்பதுமில்லை. அவள் தெருவில் விளையாடுகிறாள், அது போதும். தோட்டத்துக்காரருக்குத் தம்பியே ஃபோன் செய்து, "இல்லய்யா, நாயி இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான்.

முப்பத்து மூன்று வருடம் வகுப்பெடுத்ததில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. கத்துகிற வகுப்பில் ஆசிரியரும் கத்தினால் சத்தம் ஒன்று கூடும், அவ்வளவுதான். குரலைத் தாழ்த்தினால் முன்வரிசை கேட்பதற்காக அடங்கும், பிறகு பின்வரிசையும் அடங்கும். நாய்க்கும் அதேதான். அது சும்மா இருக்கும்போது நாம் கவனிப்பதே இல்லை, ஆட்டம் போடும்போது மட்டும் கவனிக்கிறோம். சும்மா உட்கார்ந்திருக்கும் நாயைக் கவனித்து, மெல்ல நல்ல வார்த்தை சொல்லிப் பாருங்கள். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து படம் வரைகிற பிள்ளைக்கும் இது பொருந்தும்.

கோவை மாணவருக்கும் மற்றவர்களுக்கும் இந்த லீவுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் இன்றைக்கே மரமும் கல்லும் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் நாய் இல்லாவிட்டாலும் தெருவில் இருக்கிறது. வளர்ப்பவர்கள் ஊசி அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். வருடம் ஆகியிருந்தால் போட்டுவிடுங்கள். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சின்னப் பிள்ளையோடு தனியாக விடாதீர்கள், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கடி பலமாக இருந்தாலோ, அடிக்கடி கடிக்க வந்தாலோ என் பதிவை நம்பி உட்காராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்து பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன், மார்க்கும் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்